விசில் மிஸ்ஸும் விழாத செல்வமும்

தாம்பரத்துக்குத் தெற்கே இதுவரை யாரும் ஓடாத ஓட்டத்தை ஓடியவர் எங்கள் விசில் மிஸ். அதையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடினார். நம்பாதவர்கள் பெருங்களத்தூருக்கு வந்து எங்கள் அபார்ட்மெண்டில் பி பிளாக் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏ பிளாக்கில் மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கு வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

மிஸ் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதுகூட. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதால் கிரவுண்ட் ஃப்ளோரில் எனக்கு எதிர்வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஷோகேஸ் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜெயிக்கப்போகிற கோப்பைகளை அடுக்குவதற்கென்று வாங்கியதாம். சர்வீஸ் முழுக்க அவர் பள்ளிக்கு ஒரு கோப்பைகூட வரவில்லை. இப்போது அதில் சத்துமாவு டப்பாவும் முட்டிவலித் தைலமும் இருக்கின்றன. நடுத்தட்டை மட்டும் தினமும் துடைத்துக் காலியாகவே வைத்திருப்பார்.

"அடுத்த ஸ்கூலுக்குக் கை தட்டித் தட்டியே என் உள்ளங்கை தேஞ்சு போச்சு சார். ஒரே ஒரு கப்பு. அது இந்தத் தட்டுல நிக்கிறதைப் பாத்துட்டா போதும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மருமகள் கொடுத்த பழைய போனில் அந்த விளையாட்டு இருந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு பையன் முடிவே இல்லாத சாலையில் தலைதெறிக்க ஓடுவான். லாரி வந்தால் விரலால் ஒதுக்கிவிட வேண்டும், பள்ளம் வந்தால் குதிக்கவைக்க வேண்டும். இடித்தால் ஆட்டம் காலி. உலகத்துக்கே அது பொழுதுபோக்கு. மிஸ்ஸுக்கு அது பி.டி. பீரியட். பையனுக்குச் செல்வம் என்று பெயர் வைத்தார். ஆடுவதற்கு முன் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையைச் சுழற்றி, கழுத்தைத் திருப்பி வார்ம் அப் செய்வார். வழியில் கொட்டிக்கிடக்கும் தங்கக் காசை அவன் தொடவே கூடாது. ஓடுகிற பிள்ளைக்குக் கவனம் சிதறுமாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. செல்வம் விழுந்துவிட்டால் எல்லாரையும்போல உடனே அடுத்த ஆட்டம் தொடங்கமாட்டார். போனைக் குப்புறக் கவிழ்த்து, மேலே ஈரிழைத் துண்டைப் போர்த்தி, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஏன் மிஸ் என்று கேட்டால், "விழுந்த புள்ள மூச்சு வாங்க வேணாமா?" என்பார்.

போன பண்டிகைக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து வந்த பஸ் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் நின்றுவிட்டது. கண்டக்டர் என்ன அடைப்பு என்று பார்க்கக் கீழே இறங்கினார். ஜன்னலோர சீட்டில் மிஸ். அந்த நேரம் பார்த்துச் செல்வம் வரிசையாக நின்ற லாரிகளை ஒரே மூச்சில் தாண்டிவிட்டான். சந்தோஷம் தாங்காமல் மிஸ் விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினார். டிரைவர் கிளப்பிவிட்டார். கண்டக்டர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, ஒருவழியாகத் தொற்றி ஏறினார். அவரை மேலும் கீழும் பார்த்த மிஸ், "ஓட்டம் பரவால்ல தம்பி. முட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கணும்" என்றார். கண்டக்டர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

இனி இந்தப் பொங்கலன்று நடந்ததற்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் போட்டி வைத்து ஒரு சுழற்கோப்பை கொடுப்பார்கள். பெயர்தான் சுழற்கோப்பை, ஏ பிளாக்கை விட்டு அது நகர்ந்ததே கிடையாது. இந்த வருஷம் அதிசயமாகக் கோலத்தில் நாங்கள் ஜெயித்தோம், கயிறு இழுப்பதில் அவர்கள். கடைசிப் போட்டி இளவட்டங்கள் சேர்த்த மொபைல் ஓட்டம். அரை மணி நேரம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம், ஒரே ஓட்டத்தில் அதிக தூரம் போனவர் வெற்றி. நேரம் முடியுமுன் தொடங்கிய ஓட்டத்தை விழும்வரை ஓடலாம். விதியை எழுதியவர் ஏ பிளாக்கைச் சேர்ந்த செக்ரட்டரி. அவர்கள் தரப்பில் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கும் கார்த்திக். எங்கள் தரப்பில் விசில் மிஸ்.

மிஸ் ஷூ லேசை இறுக்கிக்கொண்டு தொடங்கினார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, தண்ணி லாரிக்காரன் கேட்டில் வந்து ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். மிஸ்ஸின் விரல் வழுக்கி, செல்வம் போய்ச் சுவரில் மோதினான். மிஸ் பதறவில்லை. போனைக் கவிழ்த்தார், துண்டைப் போர்த்தினார், கையைக் கட்டிக்கொண்டார்.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் கார்த்திக் விழ விழ மறுபடி ஓடி, தூரத்தை ஏற்றிக்கொண்டே போகிறான். நான் மிஸ் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "விதியை மாத்த முடியாது சார்" என்றார். எந்த விதி, யார் போட்ட விதி என்று சண்டை போடக்கூட நேரமில்லை.

நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது துண்டு விலகியது. "எழுந்திரு செல்வம்." அவ்வளவுதான் சொன்னார். செக்ரட்டரி மணி அடித்தார், செல்வம் ஓடிக்கொண்டிருந்தான். பந்தியில் சர்க்கரைப் பொங்கல் ஆறியது, அவன் ஓடிக்கொண்டிருந்தான். மிஸ் இடப்பக்கம் சாய்ந்தால் பி பிளாக்கே இடப்பக்கம் சாய்ந்தது. கார்த்திக் தன் போனை வைத்துவிட்டு மிஸ் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். அப்போதுதான் பேட்டரி சிவப்பில் இருப்பதைப் பார்த்தேன். நான் சார்ஜருக்கு ஓடினேன், ஒயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு திரும்பி வருவதற்குள் போன் அணைந்துவிட்டது.

செக்ரட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திரையே தெரியாதபோது தூரத்துக்கு என்ன சாட்சி, பழைய தூரம்தான் கணக்கு என்று ஆரம்பித்தார். மிஸ் கருத்துப்போன திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திக்தான் வாய் திறந்தான். "நான் பின்னாடியே நின்னு பாத்துட்டிருந்தேன் சார். என்னைத் தாண்டி ரொம்ப நேரம் ஆச்சு. செல்வம் விழவே இல்ல."

அதற்குப் பிறகு பி பிளாக் போட்ட சத்தம் வண்டலூர் வரைக்கும் கேட்டிருக்கும். கோப்பையை வாங்கிய மிஸ் சாப்பிடக்கூட உட்காரவில்லை, விந்தி விந்தி நேரே வீட்டுக்குப் போனார். எனக்கு மனசு கேட்காமல் இலையில் பொங்கலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கோப்பை இன்னும் மடியிலேயே இருந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது உயிர் பெறக் காத்திருந்தார். ஷோகேஸ் தட்டில் வைக்கலாமே மிஸ் என்றேன்.

"அவன் முதல்ல பாக்கட்டும் சார்" என்றார். நானும் இலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.