வெற்றிலைக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம்

"மோட்டாரு கருகிப் பொகைஞ்சிக்கினு கெடக்குது. நீ இன்னாடான்னா சிஸ்டம் நல்ல சிஸ்டம்ன்ற!"

முதலாளி ராமசாமி போட்ட சத்தத்தில் செழியனுக்கு வாயில் வைத்த டீ இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் கிணற்று மோட்டாருக்குத் தானியங்கிப் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி அது. தண்ணீர் வற்றினால் பெட்டி உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். எந்த வேலை முந்தி, எது பிந்தி என்று உள்ளேயிருந்து காலம் தவறாமல் ஏவ ஒரு ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் தேவை. இலவசமாகக் கிடைப்பதே போதும் என்றான் செழியன். வந்த நாள் முதல் அதில்தான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். விலை கொடுத்து வாங்குவதுதான் நம்பகமானது என்றாள் கூட வேலை பார்க்கும் ஜெயசுதா.

வெள்ளிமலையில் விவசாயி வேடியப்பன் கிணற்றில் சோதித்தார்கள். செழியனின் பெட்டி, 'தண்ணீர் இல்லை' என்று வேடியப்பன் செல்லுக்குப் பொறுப்பாகச் செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் மோட்டாரை நிறுத்தியது. அதற்குள் மோட்டாரின் காயில் கருகிவிட்டது.

முதலாளி போட்ட சத்தத்துக்குப் பிறகு புது காயில் கட்டி, பெட்டியையும் சரிசெய்கிறேன் என்று கை வைத்தான். இப்போது மோட்டார் ஓட ஆரம்பித்த கையோடு நின்றது. ஜெயசுதாவின் பெட்டி ஓடவேயில்லை. பாவம், வேடியப்பனின் மரவள்ளி வாடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் லட்சணமா இருக்கு. ஆர்டரு வேற கம்மியாயிக்கினே போவுது," என்றார் ராமசாமி. "நாளைக்கு அம்மன் கோயில்ல பூ போட்டுக் கேட்டுடலாம். செவப்பு செழியனுக்கு, வெள்ளை ஜெயசுதாவுக்கு. செழியா, நீயே பூவ வெத்தலைல மடிச்சிக்கினு வந்துடு."

சென்னையில் ஒரு வேலை போய், மாமனார் வீட்டில் தலைகுனிந்து சாப்பிட்டவன் செழியன். தன் சிஸ்டம் தோற்றால் இந்த வேலையும் போகும். மறுபடி அந்த இலை முன்னால் உட்கார்வதை நினைத்தாலே அழுகை வந்தது.

வீட்டில் இரண்டு வெற்றிலையிலும் சிவப்பு ரோஜாவையே வைத்து மடித்தான்.

"சாமி விஷயத்துல வெளாடாதீங்க," என்றாள் மனைவி நிர்மலா.

"அம்மனுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

மறுநாள் மலையடிவாரக் கோயிலில் மூவரும் நின்றார்கள். ராமசாமி கண்ணை மூடி மனசுக்குள் கேட்டார். பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"இன்னொன்னையும் பிரிங்க சாமி, பாத்துடலாம்," என்றாள் ஜெயசுதா.

செழியன் பாய்ந்தான். "பிரசாதம்!" என்று அந்த மடிப்பை அப்படியே வாயில் திணித்துக்கொண்டான். காம்பு தொண்டையில் குத்தி, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இன்னா பக்தி!" என்று பூசாரி உருகினார்.

ராமசாமி என்றுமில்லாத பரிவோடு அவன் தோளைத் தட்டினார். ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செழியனுக்கு அவளை நினைத்துப் பரிதாபமாகக்கூட இருந்தது.

வெளியே கார் அருகில் நின்ற டிரைவர் வீரமணியின் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தான். "அண்ணே, பொழச்சேன்! செவப்பு வந்துச்சு. என் சிஸ்டம் ஜெயிச்சிடுச்சு."

வீரமணி பழத்தை உரிக்காமல் அவனையே பார்த்தார்.

"ஓசின்னதுமே ஒங்க சிஸ்டம்தான்னு மொதலாளி அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரே சார். ரெண்டு பேருல யார வேலைய வுட்டு அனுப்புறதுன்னு தெரியாமதான் இன்னிக்குப் பூ போட வந்தாரு."