நெடுங்கரையின் அயல் செடி

ஏழு ஆறுகள் ஓடியும் குடிநீர் போதாத நெடுங்கரை நாட்டில், ஒருநாள் அரசருக்குச் செடிகள்மீது சந்தேகம் வந்தது. அயல்மண்ணில் பிறந்த செடி எதுவும் இம்மண்ணில் வேரூன்றலாகாது என்று முரசறைந்தார்கள். எது அயல் என்று சொல்லும் பொறுப்பு அரண்மனைத் தாவரவியலாளர் வடிவாம்பாளிடம் வந்தது.

ஆற்றங்கரைக் குடிசைகளுக்குப் பக்கத்தில், வேறெதுவும் முளைக்காத மணல்சரிவில், அவள் அந்தச் செடியைக் கண்டாள். மும்மூன்றாய் இலை. கருஞ்சிவப்பில் அவரைப்பூ போன்ற பூ. மெல்லிய நெற்று. பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள். காட்டுப்பயறு இனம், கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. கண்டுகொண்ட மகிழ்ச்சியில் அவள் தனியாகச் சிரித்தாள்.

“எங்க ஆட்டுக்கு இதாம்மா தீனி. கரையப் புடிச்சு நிறுத்துறதும் இதான்,” என்றாள், அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த காத்தாயி.

அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வடிவாம்பாள் அரசவையில் எழுந்தாள். பேரமைச்சர் மகுடநம்பி கையை உயர்த்தினார்.

“அயலா, இல்லையா?”

“அயல்தான். ஆனால்...”

“‘ஆனால்’ என்ற சொல்லுக்கு இந்த அவையில் இருக்கை கிடையாது.”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

செடியை வேரோடு பிடுங்கினார்கள். ஆடுகள் மெலிந்தன. மழை வந்ததும் கரை இடிந்து, பாதிக் குடிசைகளை ஆறு கொண்டுபோயிற்று. அரசர் விசாரணைக் குழு அமைத்தார். செடி பழிவாங்கிவிட்டதாகக் குழு கண்டறிந்தது. அது வளர்ந்த இடத்தில் வாழ்ந்தவர்களும் அதனோடு வந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்றும், ஆகவே நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசர் ஒப்பமிட்டார்.

வடிவாம்பாள் படகுத்துறைக்கு ஓடினாள். ஆடுகளைப் படகில் ஏற்ற அனுமதியில்லை. காத்தாயி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னை மன்னிச்சிடு, காத்தாயி.”

“எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்க. யாரு கொண்டாந்தான்னு கேக்கலியேம்மா. அரண்மனைக் குதிரைக்குத் தீனி வேணும்னு எங்க பூட்டனைக் கூப்புட்டு வெதைக்கச் சொன்னதே இவங்கதானே!”

படகு நகர்ந்தது. வடிவாம்பாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கேட்டதைப் பேரமைச்சரிடம் கொட்டினாள். அவர் அதிரவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“தெரியும் அம்மா. செடி வந்த கப்பலில்தான் குதிரைகளும் வந்தன. குதிரைமேல் இருந்த நம் முன்னோர்களும். அதனால்தான், ‘அயலா?’ என்று வேறு யாரும் நம்மைக் கேட்பதற்குள் நாம் கேட்டுவிட்டோம்.”

அன்று அவையில் நின்றபடியே அந்த ‘ஆனால்’ வாக்கியத்தை முடித்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் புதிய காவலன் ஒருவன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“எந்த ஊரும்மா நீங்க?”

தன் தெருவின் பெயரைச் சொன்னாள்.

“அதில்லம்மா,” என்றான் அவன், பணிவாகவே. “அதுக்கு முன்னாடி?”