பதினான்காம் நம்பர் வீட்டில் தூசி இல்லையாம்

மதிப்பிற்குரிய முனைவர் ராஜேந்திரன் அவர்களுக்கு,

கோலார் தங்க வயல், ஊரிகம், பதினான்காம் நம்பர் லைன் வீட்டிலிருந்து திருமதி குணசுந்தரி தங்கவேலு எழுதுவது. தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் சுற்றுச்சூழல் ஆய்வுக் குழுவும் நலமாயிருக்கலாம், ஆட்சேபம் இல்லை.

சென்ற ஞாயிறு சமுதாயக் கூடத்தில் தங்கள் குழுவைச் சேர்ந்த நேத்ரா அறிக்கையை வாசித்தார். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு தூசி பறந்து வருகிறது என்று எட்டு மாதம் அளந்தீர்களாம். என் வீட்டில் பூஜ்யம். ஒரே ஒரு சுவர் தள்ளி, பதினைந்தாம் நம்பர் பர்னபாஸ் வீட்டில் ஊரிலேயே அதிகம். ஆகையால் தூசியைத் தடுக்கும் மரவரிசை அவர் வீட்டிலிருந்து தொடங்கிக் கிழக்கே போகும். எங்கள் பக்கம் தேவையில்லை. காற்று வீட்டு நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழையும் என்பதை எழுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

எழுந்து நின்று கேட்டேன். "டேட்டா அப்படித்தான் சொல்லுது ஆன்ட்டி" என்றார் நேத்ரா. பின்வரிசையிலிருந்து பர்னபாஸ், "இன்னாக்கா, எங்க ஊட்டு தூசி மேலகூட உங்களுக்குப் பொறாமையா?" என்றார். கூடமே சிரித்தது. கான்வென்டில் படித்த காலம் முதல் என்னைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்ததில்லை.

ஐயா, நான் தினம் மூன்று வேளை பெருக்குகிறேன். என் கணவர் முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் தூசியை விழுங்கி, அதனாலேயே இருமி இருமிப் போனார். அவர் படத்தின் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் முகம் மங்கிவிடுகிறது. இப்போது எனக்கும் இருமல் தொடங்கியிருக்கிறது. இந்த வீட்டுக்கு மரம் வேண்டாமாம்!

இவ்வளவுக்கும் நான் முழுமையாக ஒத்துழைத்தவள். முதல் நாள் பிரதாப் என்ற இளைஞர் என் மதில்மேல் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, "இத நகத்தாதீங்க ஆன்ட்டி" என்றார். எதற்கு என்று விளக்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததை நான் சுட்டிக் காட்டியதும் வெட்கப்பட்டுப் போய்விட்டார். பறவைகளுக்காக இருக்கும் என்று நானே புரிந்துகொண்டேன். ஒரு பறவையும் வரவில்லை. அதற்காக, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி அழுக்குத் தட்டு ஒன்று என் மதில்மேல் இருக்க விடுவேனா? நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே தினமும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். மாதாமாதம் பிரதாப் வந்து தட்டைப் பார்த்து, "உங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி, சூப்பர்!" என்று வியந்து, ஏதோ குறித்துக்கொண்டு போவார். நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்த பிள்ளை. அளக்கத்தான் தெரியவில்லை.

எனவே அறிக்கையைத் திரும்பப் பெற்று, கண் தெரிந்த வேறு ஆட்களை அனுப்பி மறுபடியும் அளக்கவும். மறுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் தூசி படாத சுவாசப்பை அமைய என் ஆசிகள்.

இப்படிக்கு,
குணசுந்தரி தங்கவேலு

பி.கு.: உறையை ஒட்டுமுன் எதிர்வீட்டு கோவிந்தம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "ஐயோ அக்கா, அந்தத் தட்டு தூசி புடிக்கத்தானே வச்சாங்க! தெனம் தொடச்சிட்டு அந்தத் துணிய எங்க ஒதறுவீங்க?" என்று கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் உதறுவது வழக்கம். வீடு துடைத்த துணியையும் அங்கேயே. போய் எட்டிப் பார்த்தேன். நேர் கீழே பர்னபாஸின் தட்டு இருக்கிறது. ஆகவே ஆட்களை அனுப்ப வேண்டாம். இரண்டு வீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, மரங்களை என் வாசலிலிருந்தே நட ஆரம்பிக்கவும். காரணத்தைப் பர்னபாஸிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.