நாலு வரி இடம்

கடைசிப் பத்தியில் நாலு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. வெல்டா கிரம்லிக்கு அதை நிரப்பப் பயமாக இருந்தது.

அரிசோனா பாலைவனத்தில் படத்துக்காகப் போட்ட ஊர் அது. வங்கி, மதுக்கடை, ஷெரீஃப் அலுவலகம் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மட்டும்தான். கதவைத் திறந்தால் முட்டுக்கட்டையும் மணலும். ஊரில் கூரையும் நாலு சுவரும் உள்ள ஒரே கட்டடம் பத்திரிகை அலுவலகம். அங்கே ஈய எழுத்துகளைக் கோத்து, கைப்பொறியில் அந்த இல்லாத ஊரின் செய்தித்தாளை அச்சடிப்பது வெல்டாவின் வேலை.

கௌபாய் படத்தில் செய்தித்தாளுக்கு ஆயுள் மூன்று விநாடி. கேமரா கொட்டை எழுத்துத் தலைப்பைப் பார்க்கும். ஷெரீஃப் தாளைக் கசக்கி எறிவார். கீழே உள்ள பொடி எழுத்தை ஒருவரும் படிப்பதில்லை. பதினொரு வருடமாக அந்தப் பொடி எழுத்தைத்தான் அவள் எழுதிவந்தாள். தானும் அப்படித்தானோ, யாருடைய தலைப்புக்கோ கீழே இடம் நிரப்ப வந்தவளோ என்று சில நாள் தோன்றும். தோன்றியதும் எழுந்து மை உருளையைத் துடைக்கப் போய்விடுவாள்.

படக்குழுவினர் பெயர்களைப் போட்டுக் கேலியாக இடம் நிரப்புவது அவள் தொழிலில் வழக்கம். திங்கட்கிழமை, 'குதிரைக்காரர் டெல்பர்ட் ரொட்டி கடித்துப் பல்லை இழந்தார்' என்று கோத்தாள். செவ்வாய்க்கிழமை டெல்பர்ட் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். அன்றே, 'தச்சர் கஸ் குதிரைத் தொட்டியில் விழுந்தார்' என்று கோத்தாள். புதன்கிழமை கஸ்ஸைத் தொட்டியிலிருந்து ஏணியோடு தூக்கினார்கள்.

"இனிமே என் பேரைப் போடாத தாயி. இன்னும் இருபத்தாறு பல்லு இருக்கு எனக்கு," என்றான் டெல்பர்ட்.

"தற்செயல்டா அது."

"அப்ப உன் பேரைப் போட்டுக்கயேன்."

அவள் போட்டுக்கொள்ளவில்லை.

இயக்குநர் ஹாலிஸ் வேறு வந்து கேட்டார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெரீஃப் பேப்பர் படிக்கிற சீன். சாவுச் செய்தி ஒண்ணு வேணும்."

"யாரு படிக்கப் போறாங்க சார்?"

"யாரும் படிக்கமாட்டாங்க. ஆனா இருக்கணும்."

யாருக்கும் இல்லாத ஒரு பெயருக்காக வெல்டா ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் கோத்தாள்: 'எனாக் ட்ரிம்பிள், வெளியூர்க்காரர், பச்சைக் கழுத்துத்துணி அணிந்தவர், வெள்ளி நண்பகல் வங்கியின் பெயர்ப்பலகை விழுந்து மாண்டார்.' தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினாள். மாவட்டத்திலேயே ட்ரிம்பிள் கிடையாது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்குத் துணை நடிகர்களின் பஸ் வந்தது. கடைசியாக இறங்கினான் ஒரு ஒல்லி மனிதன். கழுத்தில் பச்சைத் துணி.

"வெல்டா கிரம்லிங்கறது நீங்கதானா அம்மா? எம் பேரு எனாக் ட்ரிம்பிள்."

அவள் அவன் முகத்தையும் பச்சைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனும் அவளை வினோதமாகப் பார்த்தான். அவள் நிஜமாகவே அங்கே நிற்கிறாளா என்று சரிபார்ப்பதுபோல.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"அப்புறம் பேசலாம். அந்த வங்கிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

கஸ்ஸை ஓடிப் பிடித்துப் பலகையைக் கழற்றச் சொன்னாள். கஸ் கழற்றி, தெருவில் சாய்த்து வைத்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது எனாக் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"வெயில் தாங்கல அம்மா. அந்த ஒரு வார்த்தை..."

அவனை லாயத்துக்கு விரட்டிவிட்டு, அலுவலகத்துக்கு ஓடினாள். 'பெயர்ப்பலகை விழுந்து' என்பதைப் பிரித்து, 'குதிரை உதைத்து' என்று கோத்தாள். கால்மணியில் டெல்பர்ட் வந்தான்.

"நடக்கவே சோம்பற கிழட்டுக் குதிரை, அந்தப் பச்சைத் துணிக்காரனைக் கண்டா பின்னங்காலைத் தூக்குது. என்ன எழுதித் தொலைச்ச?"

வேறு பெயர் போட்டால் அந்த ஆளும் பஸ்ஸில் வந்து இறங்குவான். மறுபடி பலகையையே கோத்தாள். பலகைக்காவது கால் இல்லை.

பதினொன்றுக்கு ஹாலிஸ் தெருவில் நின்று கத்தினார். "பலகை எங்கய்யா? இது வங்கின்னு தெரியாம திருடன் எதைக் கொள்ளையடிப்பான்?"

"பெயிண்ட் காயணும் சார். பன்னிரண்டுக்கு மேல மாட்டிடலாம்," என்றாள் வெல்டா. சொன்ன பொய்யை உண்மையாக்க கஸ் அதன்மேல் ஒரு கை பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. ஈரப் பலகையைத் தெருவில் வைத்தால் மணல் ஒட்டும் என்றான் கஸ்.

"என் ஆபீசுக்குக் கொண்டுபோ. அங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

எனாக்கை ஊருக்கு வெளியே நடத்திப்போய், வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். மேலே வானம் மட்டும். விழுவதற்கு எதுவும் இல்லை.

"மணி பன்னிரண்டு தாண்டற வரைக்கும் அசையாதீங்க."

"அம்மா, ஒரே ஒரு..."

"உயிர் விஷயம்."

அவன் முகம் வெளிறியது. "எப்படித் தெரியும்?" என்றான். அவள் அதற்குள் நடந்துவிட்டாள்.

அலுவலகத்துக்குள் வந்து, மேசைமேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பதினொன்று ஐம்பத்தெட்டு. காற்று நின்றிருந்தது. ஒரு மனிதனைப் பொடி எழுத்திலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்தபோது, பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் தனக்கு ஒரு கனம் இருப்பதாகப் பட்டது.

தலைக்கு மேல் கயிறு லேசாக முனகியது. பெயிண்ட் கெடாமல் இருக்க, பலகையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான் கஸ். பரவாயில்லை, எனாக் இங்கே இல்லையே.

வாசலில் நிழல் விழுந்தது. எனாக், மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான்.

"உள்ள வராதீங்க. உங்களைக் காப்பாத்தத்தான் காலையிலேர்ந்து நாயா அலையறேன்."

"நானும் அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன் அம்மா."

அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தலைக்கு மேலே போயிருந்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். அவன் விரல் நகங்களில் மை படிந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் நடக்கற படத்துக்கு நான்தான் பேப்பர் கோக்கறேன், சாவுச் செய்தியில நாலு வரி மிச்சமிருந்துச்சு, இப்படி ஒரு பேரு உலகத்துல யாருக்கும் இருக்காதுன்னு நம்பி உங்க பேரைப் போட்டுட்டேன்."