வேன் ஒத்துக்காத மகள்

அன்பர்களே, திண்டிவனம் வட்டாரத்தில் செழித்து வளரும் ஓர் அப்பா இனத்தை இன்று உங்களுக்குக் காட்டப்போகிறேன். காலை எட்டு மணிக்கு ஒலக்கூர் பக்கம் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தரிசனம் கிடைக்கும். தோளில் மகனின் பை, கழுத்தில் மகனின் தண்ணீர் பாட்டில், பல்லிடுக்கில் மகனின் டை, இடுப்பில் மகன். மகள்? அவள் அப்போதே பால்வாடிக்கு நடந்து போய்விட்டாள்.

நம் மாதிரிக்குச் செல்வகுமாரை எடுத்துக்கொள்வோம். மகள் இசைவாணிக்கு நாலு வயது, மகன் புகழேந்திக்கு மூன்று. சின்னவன் வேன் ஏறித் திண்டிவனத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறான். பெரியவள் ஏன் போகவில்லை? கேட்டுப் பாருங்கள். பொம்பளைப் பிள்ளை கண்ணெதிரே இருக்கட்டும் என்பார். பால்வாடியில் முட்டை போடுகிறார்கள் என்பார். மகன் முட்டை தின்னமாட்டானா என்று மட்டும் கேட்காதீர்கள், மனிதர் வாடிவிடுவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, டாக்டர் மாதிரி சொல்வார்:

"அவளுக்கு வேன் ஒத்துக்காதுங்க. வாந்தி எடுத்துடுவா."

இசைவாணி இதுவரை வேனில் ஏறியதே இல்லை. தினமும் வேனில் வாந்தி எடுப்பவன் புகழேந்தி. ஆனால் அது வாந்தியில் சேராது. ஆம்பளைப் பிள்ளை, பழகிக்கொண்டிருக்கிறான்.

மனைவி கலையரசி, மகளுக்கான எல்கேஜி விண்ணப்பத்தோடு ஒரு மாதமாக இவர் பின்னால் நடக்கிறாள். அப்பா கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். இவருக்கோ ஒரு நாள் பேனா எழுதாது, ஒரு நாள் கண்ணாடி கிடைக்காது, ஒரு நாள் அஷ்டமி.

இந்த நேரத்தில்தான் விழுப்புரத்து அலுவலகம் ஒன்றில் யாரோ ஒருவர் கணக்கைப் பார்த்துக் கண் கலங்கினார். செல்வகுமாரின் ஊர்ப் பால்வாடியில் இருபத்தேழு குழந்தைகள், அதில் இருபத்திரண்டு பேர் பெண் குழந்தைகள்! பெண் கல்வியில் என்ன விழிப்பு! ஊர்ப் பையன்களெல்லாம் வேனில் போய்விட்டார்கள், மிச்சமிருக்கும் ஐவரும் வேன் ஏறும் வயதுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. வியாழக்கிழமை பாராட்டு விழா என்று முடிவானது.

பிளெக்ஸ் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு, செல்வகுமாருக்குத்தான். 'பெண் குழந்தையைப் படிக்கவைப்போம்' என்று எழுத்து, பக்கத்தில் கைகூப்பி இவர். ஒரு குழந்தை படமும் வேண்டுமே என்றார் கடைக்காரர். போனைத் தேடினார். மகன் படம் நானூறு. மகள் படம் ஒன்று, அதுவும் தம்பியின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி நெற்றி. என்ன செய்வது? டை கட்டிய புகழேந்தியைப் போட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள்.

விழா அன்று அந்த அலுவலகத்து அதிகாரி ஹஸீனா மேடம் விழுப்புரத்திலிருந்து வந்து எல்லாரையும் வாயாரப் பாராட்டினார். பிறகு பிளெக்ஸைப் பார்த்தவர், இந்தப் பாப்பா யார் என்று விசாரித்தார். பால்வாடி டீச்சர் காந்திமதி அவசரமாக வானத்தைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து இசைவாணி எழுந்தாள்.

"அது எங்க தம்பி. பொட்டு வச்சிக்கினு இருக்கான்."

மேடத்தின் புருவம் மெல்ல உயர்ந்தது. அப்படியென்றால் உங்கள் மகளை எங்கே படிக்கவைப்பதாக உத்தேசம் என்று செல்வகுமாரைக் கேட்டார். இவர் கையில் மைக். இந்த இனத்தின் கையில் மைக் இருந்தால் நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது.

"வர்ற ஜூன்ல தம்பி போற அதே வேன்ல எம் பொண்ணும் போவும் மேடம்."

கைதட்டல் அடங்குவதற்குள் கலையரசி மேடையில் நின்றாள். போட்டோ ஒட்டிய விண்ணப்பம், மூடி கழற்றிய பேனா.

"இங்கியே போட்டுடுங்க. நாளைக்குத்தான் கடைசி நாளு."

"கண்ணாடி எடுத்துக்கினு வரலியேம்மா" என்றார் இவர், மைக்கை மூடாமலே.

"பரவால்ல. எந்த எடம்னு நான் வெரல வச்சிக்கினு நிக்கறேன்."

ஊரே பார்க்க, அந்த விரலுக்குப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தது.

திருந்தினாரா? இந்த இனம் திருந்தாது, கட்சி மாறும். மறுநாள் டீக்கடையில் அதே இனத்து அந்தோணிசாமியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "பொம்பளப் புள்ளய இன்னும் பால்வாடியிலயே வச்சிக்கினு இருக்கியே, நீயெல்லாம் எந்தக் காலத்துல இருக்கறய்யா?"

சிரித்துவிட்டீர்களா? சந்தோஷம். உங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கிடையாதுதான். இருந்தாலும் நாளைக் காலை தெருவில் வேன் ஹாரன் அடிக்கும்போது, உங்கள் வாயிலிருந்து முதலில் எந்தப் பிள்ளையின் பெயர் வருகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீங்கள் மறந்தாலும் பாதகமில்லை. உங்கள் வீட்டில் ஒருத்தி அதை ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.