சம்மந்தி வீட்டுக் கைபிடியும் எங்கள் கோழிக்கூடும்

சந்தேகம் இல்லாதவன் தொழில் நடத்த முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்ட நான், நெல்லியடியில் வெல்டிங் கடை போட்டு, கல்வீடு கட்டி, காரும் வாங்கினேன் என்றால் (பழைய கார்தான், ஆனாலும் கார்) எல்லாம் அந்தச் சந்தேகம் தந்த சொத்து. மீன்காரி செவுளைத் திறந்து காட்டினால், சிவப்புச் சாயமோ என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறவன் நான்.

அந்தச் சந்தேகம்தான் என் மகளின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

மாப்பிள்ளை வீடு வல்வெட்டித்துறையில், கடலைப் பார்த்தபடி இருந்தது. சம்மந்தி கப்பலில் உலகம் சுற்றியவர். புது மாடிக்கு இரும்புக் கைபிடி போட ஆள் தேடினார். விடுவேனா?

"சம்மந்தி, என்ரை கைபிடி உங்கடை பேரப்பிள்ளையளின்ரை கலியாணத்துக்கும் நிக்கும்!" என்று நெஞ்சில் தட்டினேன்.

துத்தநாகம் பூசின நல்ல கல்வனைஸ் பைப்பாகவே போட்டேன். அதை வெல்டிங் செய்கிற இடத்தில் மேல்பூச்சு எரிந்துபோகும். அந்தப் புண்ணைத் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ற் பூசாவிட்டால், உப்புக் காற்று துருவைக் கொண்டுவந்துவிடும். சாதாரண பெயின்ற் பூசியே காலத்தை ஓட்டியவன் நான். சம்மந்தி வீடென்றபடியால் அந்த விலைகூடிய பெயின்ற்றை முதன்முதலாக வாங்கினேன்.

பெயின்ற் இருந்த தகரப் பேணியைத் தூக்கியதும் சந்தேகம் வந்தது. சின்னப் பேணிக்கு ஏன் இந்தப் பாரம்? கடைக்காரன் வேறு, "அண்ணை, அடிவரைக்கும் நல்லாக் கலக்கிப்போட்டுப் பூசுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னான். ஏன் இவனுக்கு இந்த அக்கறை?

வீட்டில் மூடியைத் திறந்தேன். மேலே தண்ணீர்போல் ஏதோ. அடியில் சாம்பல் நிறத்தில் மணல். பிடித்துவிட்டேன் கள்ளனை! கலக்கச் சொன்னது மணல் தெரியாமல் இருக்கத்தானே?

மனுசியின் பழைய நூல்சேலையைக் கிழித்து, முழுவதையும் வடித்தேன். "இந்த மண்டியைக் கொண்டுபோய் எறியப்பா" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, வடித்த 'சுத்தமான' பெயின்ற்றை வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோய்ப் பூசினேன். (என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்ல வேண்டும்.)

மாரி மழை முடிய, கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், சம்மந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளைச் சுவரிலை வெத்திலை துப்பின மாதிரி ஒட்டின இடமெல்லாம் துரு வழியுது. கைபிடியிலையே இந்தக் களவெண்டால், மற்றதுகளை என்னெண்டு நம்புறது? கலியாணத்தை யோசிச்சுச் செய்வம்."

நான் பதறிக்கொண்டு எழும்பினேன். "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் சம்மந்தி! பேணிக்குள்ளை பாதி மணல். நான் விடுவனே? வடிச்செடுத்தெல்லோ பூசினனான்!"

சம்மந்தியின் கண் எங்கள் முற்றத்தில் நின்ற இரும்புக் கோழிக்கூட்டில் நின்றது. மாரி முழுக்க நனைந்த கூடு. ஒரு பொட்டுத் துரு இல்லை. எழுந்துபோய் நகத்தால் சுரண்டினார்.

"தங்கச்சி, உதுக்கு என்ன பூசினனீங்கள்?"

தேத்தண்ணியோடு வந்த மனுசி, "இவர் எறியச் சொன்ன மண்டிதான் அண்ணை. எறிய மனம் வரேல்லை. பழைய பெயின்ற் பிறஸ்ஸாலை அப்பிவிட்டன்" என்றாள்.

கப்பலில் துருவோடு மல்லுக்கட்டிய மனுசன் என் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, இது மணல் இல்லை. இதுதான் துத்தநாகம்! பாரமெண்டபடியால் அடியிலை படுத்திடும். நீங்கள் மருந்தைக் கோழிக்குக் குடுத்திட்டு, எனக்குப் போத்தில் கழுவின தண்ணியைத் தந்திருக்கிறியள்."

பிறகு கோழிகள் சிதறி ஓடும்படி சிரித்தார். "கள்ளனெண்டால் மணலையும் சேர்த்தெல்லோ பூசியிருப்பான்! நீங்கள் கள்ளனில்லை. கலியாணம் நடக்கட்டும்."

துருவைத் தேய்த்துத் திரும்பப் பூசினேன். சம்மந்தி கதிரையில் இருந்துகொண்டு, "கலக்குங்கோ, கலக்குங்கோ" என்று சொன்னபடியே இருந்தார்.

கலியாணப் பந்தியில் பாயசம் வந்தபோது, சபை கேட்கச் சொன்னார்: "சம்மந்தி, அடியிலை கிடக்கிறது சவ்வரிசி. மணலெண்டு எறிஞ்சுபோடாதேங்கோ!"

இன்றைக்கும் என் பேத்தி தேத்தண்ணி தரும்போது, "தாத்தா, வடிக்கவோ கலக்கவோ?" என்றுதான் கேட்கிறாள். கூடு இன்னும் துருப்பிடிக்கவில்லை.

எனக்கு இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான். எறியாமல் கூட்டுக்கு அப்பினாளே, அதுதான் துத்தநாகமென்று மனுசிக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமோ? கேட்டால், "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்கிறாள்.