தையல்நாயகி வீடு பெற்ற வரலாறு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான சங்கதி, நடைபாதையில் படுத்திருப்பவரிடமிருந்தும் லாபம் எடுக்கலாம் என்பதே. இதற்குச் 'சமூகத் தாக்க முதலீடு' என்று பெயர். பணக்காரர்கள் பணம் போடுவார்கள். வீடற்ற ஒருவர் வீடு பெற்றுவிட்டால் அரசாங்கம் அதை வட்டியோடு திருப்பித் தரும். தர்மமும் ஆச்சு, டிவிடெண்டும் ஆச்சு!

காஞ்சிபுரத்துக்கு வாய்த்த 'தாக்க அலுவலர்' தினகரன், எம்.ஏ. தமிழ். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், நெஞ்சில் ஈரம். பேருந்து நிலையச் சுவரோரம் பாலிதீன் விரித்துப் படுக்கும் தையல்நாயகியிடம் முதல் நாளே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நான் தாக்க அலுவலர்மா."

"போன வாரந்தான் ஒருத்தன் லத்தியோட வந்து தாக்கிட்டுப் போனான். நீ வேறயாப்பா?"

பொறுமையாக விளக்கினார். நாற்பது பேர் பட்டியலில் அவள் பெயர் முதலில் ஏறியது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"உள்பக்கம் தாழ்ப்பா இருக்கணும்பா. கண்ணசந்தா எவன் கை எங்க வருதுன்னு தெரியல. மழைக்கு முன்னாடி குடுத்துடு."

தினகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மேலே எழுதினார். தலைமையகத்தில் தாழ்ப்பாள் குறித்து ஒன்பது கூட்டங்கள் நடந்தன. வீடு குறித்துக் கூட்டம் நடத்த நேரம் கிடைக்கவில்லை.

ஐப்பசி பிறந்தபோது சுவரோரம் காலியாக இருந்தது. தினகரன் பக்கத்துப் பூக்காரர் அர்ஜுனனிடம் விசாரித்தார்.

"நாயகியா? போய்ச் சேந்துட்டாங்கபா," என்றார் அர்ஜுனன், மல்லிகையை முழம் போட்டபடியே. அவர் அடுத்துச் சொன்னதைப் பேருந்து ஹாரன் விழுங்கிவிட்டது.

தினகரன் துடித்துப்போனார். ஆனாலும் படிவத்தை நிரப்பத்தானே வேண்டும்? 'பயனாளி வீடு பெற்றாரா?' என்றது டேப்லெட். வீடு என்றால் முக்தி, காஞ்சியோ முக்தி தரும் நகரம், அவரோ எம்.ஏ.! கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆம்' என்று தொட்டார். குறிப்பில், 'இயற்கை எய்தினார்' என்றும் நேர்மையாகச் சேர்த்தார்.

அடுத்த வாரமே பாராட்டு விழா. கேசரி, பட்டுச் சால்வை, பெரிய திரையில் தலைமையகத்து உதயகுமார். சால்வை தினகரன் தோளில் விழுந்த நேரம், முழங்கால் சேற்றோடு தையல்நாயகி உள்ளே வந்தாள்.

"சாவி குடுப்பா. மழ வந்துக்கினு இருக்குது."

"நீங்க போய்ச் சேந்துட்டதா…"

"ஆமா, ஏனாத்தூருக்கு! நடவு வேல கெடச்சிது."

தினகரன் சால்வையோடு குதித்தார். "சார், இவங்க உயிரோட இருக்காங்க!"

உதயகுமாரின் முகம் தொங்கிப்போனது. "என்ன தினகரன், இப்படிப் பண்ணிட்டீங்க? வாடகை கிடையாது, கரண்ட் பில் கிடையாது, திரும்பத் தெருவுக்கு வரவே மாட்டாங்க. இப்படி ஒரு வெற்றி எங்க கிடைக்கும்? 'காஞ்சி மாடல்'னு எல்லா ஊருக்கும் அனுப்பியாச்சு. லாபமும் பிரிச்சாச்சு. சரி, மீதிப் பேர் எப்ப வீடு பெறுவாங்க?"

தையல்நாயகி தினகரனை நகர்த்திவிட்டுத் திரைக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள்.

"கவலப்படாத சாரு. மழ புடிச்சிக்கிச்சு. இன்னும் ஒரு வாரம் எங்கள இப்டியே வுட்டு வையி, எல்லாருக்கும் வீடுதான்."